அம்மா திரும்பினார், நான் புதிதாகப் போனேன்: முகாமில் பிறந்து 12 வயதில் மன்னாருக்கு

அணைக்கரை_05
09.02.2025, இரவு 9.42

வணக்கம். இந்தக் குழுமத்தை மூன்று வருடமாக வாசித்து வருகிறேன், எழுதுவது இன்றுதான். போன வாரம் ஒரு அம்மா, மகளுக்கு 13 வயது, தமிழ்நாட்டு இலங்கை அகதிகள் முகாமை விட்டு இலங்கையில் சொந்த ஊருக்குத் திரும்பலாமா என்று கேட்டிருந்தார். வந்த பதில்கள் எல்லாம் நல்ல மனதோடு எழுதியவைதான், ஆனால் விமான டிக்கெட், காணி உறுதி (நிலப் பத்திரம்), வீட்டுத்திட்டம் என்றே போய்விட்டன. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் எழுதவில்லை. அந்த இடத்தில் இருந்தவள் நான், அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

2005ல் ஈரோடு மாவட்டத்தில், பவானிசாகர் அணைக்குப் பக்கத்து முகாமில் பிறந்தேன். அம்மா 1990ல் ஒன்பது வயதில் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். தனுஷ்கோடியில் இறங்கி, மண்டபம் முகாமில் சில மாதம், பிறகு பவானிசாகர். அப்பாவுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், அவர்கள் கல்யாணம் நடந்ததும் முகாமுக்குள். அப்பாவுக்குப் பெயிண்ட் வேலை. திங்கட்கிழமை விடியற்காலையில் கோவை, திருப்பூர் என்று கிளம்பினால் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளுக்குத்தான் வீட்டில் பார்க்கலாம்.

2018 ஜனவரியில் திரும்பினோம். வீட்டில் எல்லோரும் சொல்வது இந்தச் சொல்தான், 'திரும்பினோம்' என்று. அம்மா திரும்பினார், சரி. அப்பா திரும்பினார், சரி. நான் அதற்கு முன் அந்த மண்ணை மிதித்ததே கிடையாது. பிறந்த ஊரை விட்டு முதன்முதலாக வேறு நாட்டுக்குப் போனேன். இதை இப்படிச் சொல்ல எனக்கே ஐந்தாறு வருடம் பிடித்தது. அதுவரைக்கும், எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது நமக்கு மட்டும் ஏன் தொண்டை அடைக்கிறது, நாம் கெட்ட பிள்ளையோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர் டிக்கெட்டில் திருச்சியிலிருந்து கொழும்பு, அங்கிருந்து இரவு பஸ்ஸில் மன்னார். கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியை எடை போட்டுப் பார்த்துவிட்டு, அம்மா என் ஏழாம் வகுப்பு நோட்டுகளை எடுத்து வெளியே வைத்தார். "அங்க இது எதுக்கு" என்றார். கிரைண்டர் உள்ளே போனது.

எங்கள் காணி நானாட்டான் பக்கம். 28 வருடம் யாரும் இல்லாமல் பற்றைக்காடாகக் கிடந்தது. அம்மா வழி கேட்கவே இல்லை, செருப்பைக் கூடக் கழற்றாமல் முள்ளுக்குள் நேராக நடந்துபோய் ஓரிடத்தில் நின்று, "இதுதான் எங்கட குசினி" என்றார், சமையலறையைச் சொல்கிறார். பிறகு காலால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பாதி புதைந்த அம்மிக்கல் ஒன்று வந்தது. அப்படியே அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், மாமா ஆட்கள் எல்லோருக்கும் கண் கலங்கியிருந்தது. நான் தம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் எனக்குத் தெரிந்த கல் என்று ஒன்றுமே இல்லை. அணைப் பூங்காவும், எங்கள் லைன் வீட்டுக் குழாயடியும், என் சிநேகிதியும்தான் கண்ணுக்குள் வந்தார்கள், அதை அன்றைக்கு யாரிடம் சொல்வது?

பள்ளிக்கூடத்தில் வயதைப் பார்த்து தரம் 8ல் போட்டார்கள். அங்கே ஏழாவதே முடிக்கவில்லை, இங்கே எட்டு தொடங்குகிறது. எல்லாம் தமிழ்தானே, பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று வீட்டில் சொன்னார்கள். முதல் நாளே பக்கத்துப் பிள்ளையிடம் ரப்பர் கேட்டதற்கு ஆசிரியர் என்னைப் பார்த்து "கதைக்காம இரு" என்றார். இங்கே கதைப்பது என்றால் பேசுவது, எங்கள் பக்கம் கதை விடுவது என்றால் பொய் சொல்வது. நான் எழுந்து நின்று "நான் பொய் சொல்லலைங்க சார்" என்றேன். வகுப்பே சிரித்தது, அந்த 'ங்க'வுக்கும் சேர்த்து.

அறிவியல் என்றால் இங்கே விஞ்ஞானம். ஆக்சிஜன் ஒட்சிசன், கார்பன் டை ஆக்சைடு காபனீரொட்சைட்டு, செல் கலம், திசு இழையம். முதல் தவணைப் பரீட்சையில் "ஒளித்தொகுப்புக்கு அவசியமான காரணிகள் எவை" என்று ஒரு கேள்வி. இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்று வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன். வெளியே வந்ததும் ஒரு பிள்ளை சொன்னாள், "சூரிய ஒளியில இலை உணவு தயாரிக்குமே, அதுதான்." ஒளிச்சேர்க்கை! முந்தின வருடம் சார்ட்டில் பச்சைப் பென்சிலால் நானே வரைந்ததை வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். 31 மார்க் வந்தது. அந்தத் தாளை அம்மாவிடம் காட்டவில்லை.

வரலாறு இதைவிடக் கஷ்டம், ஏனென்றால் அங்கே மனசும் சேர்ந்துகொண்டது. ராஜராஜன் என்றால் தஞ்சாவூர் பெரிய கோயில், எங்கள் ஆள், ஈழம் வரைக்கும் வென்றவர் என்று பெருமையாகப் படித்து வந்தவள் நான். இங்கே புத்தகத்தில் அதே சோழர் அநுராதபுரத்தை அழித்த படை, பொலன்னறுவையை மீட்ட சிங்கள அரசன் முதலாம் விஜயபாகு வீரன், வருடம் 1070. இரண்டும் நடந்ததுதான். ஆனால் 12 வயதில் ஒரே அரசனை இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னால், நான் யார் பக்கம் என்று யாரைக் கேட்பது?

அப்புறம் சமயம் ஒரு பாடம். தமிழ்நாட்டில் எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. மற்றவர்கள் தரம் 1லிருந்து படித்த சைவநெறியை நான் எட்டில் தொடங்கினேன். சிங்களமும் அப்படித்தான், அவர்கள் வாக்கியம் எழுதும்போது நான் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கே 'சிலோன்காரி', இங்கே 'இந்தியாக்காரி'. இதைப் பலர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், வாயைத் திறந்தால்தானே கண்டுபிடிக்கிறார்கள் என்று நான்கு மாதம் பள்ளியில் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். பேசாத பிள்ளை, அடக்கமான பிள்ளை என்று ரிப்போர்ட்டில் எழுதினார்கள். வீட்டில் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

பிறகு பழகிவிட்டது, மறுக்கவில்லை. கழுதைகள் மன்னார் டவுனில் ரோட்டை மறித்து நிற்பதும், கட்டுக்கரைக் குளத்துக் காற்றும் எனக்குப் பிடித்தன. 2022ல் நடந்ததைச் சொன்னால்தான் நான் சொல்ல வந்தது முழுதாகும். அந்த வருடம் இலங்கைப் பொருளாதார நெருக்கடியில், மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, எனக்கு சாதாரண தரப் பரீட்சை (தமிழ்நாட்டுப் பத்தாவது பொதுத்தேர்வு மாதிரி) மே மாதம். அப்போதுதான் மன்னாரிலிருந்து மறுபடி படகேறிப் போகத் தொடங்கினார்கள். எங்கள் வகுப்புப் பெடியன் ஒருவன் திங்கட்கிழமை வரவில்லை, இரண்டு நாள் கழித்து மண்டபத்தில் இருக்கிறான் என்று தெரிந்தது. அன்றிரவு அப்பா என்னையும் தம்பியையும் உட்காரவைத்து, "போவமா? நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டார். என்னை ஒரு கேள்வி கேட்டு அவர் பதிலுக்குக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அணையும் சிநேகிதியும் எல்லாம் ஞாபகம் வந்தது, ஆனாலும் "வேண்டாம்ப்பா, நான் பரீட்சை எழுதுறன்" என்றேன். இத்தனை வருடம் உள்ளுக்குள் திரும்பிப் போக ஏங்கியவள் ஏன் அப்படிச் சொன்னேன்? கேட்டார்கள், அதனால் சொன்னேன். கேட்டிருந்தால் 2018லும் வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அழுதுகொண்டேனும், என் நோட்டுகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்திருப்பேன்.

இப்போது 19 வயது. உயர்தரம் (தமிழ்நாட்டுப் பன்னிரண்டாவது பொதுத்தேர்வு மாதிரி) எழுதி முடிவுக்காகக் காத்திருக்கிறேன். போன மாதம் பொங்கலுக்கு யாழ்ப்பாணத்துப் பலாலி ஏர்போர்ட்டிலிருந்து சென்னை போய் முகாமுக்கும் போய் வந்தேன். நான் பிறந்த நாட்டுக்கு நான் விசா எடுத்துப் போனேன். திரும்ப வேண்டும், வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல நான் வரவில்லை. திரும்ப யோசிக்கிறவர்கள் பிள்ளையைக் கேட்டீர்களா?

மூதூரான்
09.02.2025, இரவு 11.15

பிள்ளை, வாசித்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன். நான் 2006ல் மூதூர்ச் சண்டையில் ஓடி வந்தவன், அப்போது எனக்கு 19, உங்களுடைய இன்றைய வயது. இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு முகாமில் இருக்கிறோம். மனைவி இங்கேயே பிறந்தவர். மகனுக்கு 14, ஒன்பதாவது படிக்கிறான். மே மாதம் போகலாம் என்று நான் மனதுக்குள் முடிவு எடுத்து, பேப்பர் வேலை எல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அவனை நான் கேட்கவில்லை. போகிறோம் என்று சொன்னேன், அவன் சரி என்றான். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கட்டுக்கரை
10.02.2025, காலை 6.20

தங்கச்சியின் மனவேதனை எனக்கு விளங்குகிறது. ஆனாலும் ஒரு மூத்தவனாகச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நான் 2011ல் மூன்று பிள்ளைகளோடு வந்தவன். வந்திராவிட்டால் என் காணியில் இன்னொருவர் இருந்திருப்பார். பத்து வருடம் ஒருவர் தடையில்லாமல் ஆண்டுவிட்டால் அவர் உரிமை கேட்கலாம் என்பது இங்குள்ள சட்டம். இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016ல் ஒரு விசேட சட்டம் வந்தது, அதுவரைக்கும் நெஞ்சில் நெருப்புத்தான். பிள்ளையைக் கேட்டு, அது ஓம் என்று சொல்லி, அதற்குப் பிறகு வருவது என்றால் ஒருவரும் வந்திருக்க மாட்டோம். 90ல் நாங்கள் ஓடியபோது எங்களை யார் கேட்டார்கள்? என் பிள்ளைகள் ஒரு வருடம் திண்டாடினார்கள், பிறகு சரி. மூத்தவளுக்கு இப்போது கல்யாணமும் முடிந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் பழகிவிடுவார்கள்.

அணைக்கரை_05
10.02.2025, மாலை 5.05

ஐயா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. காணியை மீட்க வந்தது சரி, அந்தக் காணியில்தான் நானும் இன்றைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 31 மார்க் தாளைப் பற்றி இப்போதுதான் தெரியும் அவருக்கு. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு சொன்னார். 1990ல் பவானிசாகரில் அவரைப் பள்ளியில் சேர்த்தபோது ரீச்சர் பெயர் கூப்பிட்டதும் "ஓம்" என்றாராம். சாமி கும்பிடுகிறாள் என்று வகுப்பு முழுக்கச் சிரித்ததாம். அன்றையிலிருந்து அவருக்கு அங்கே 'ஓம் சாமி' என்று பெயர். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் போகாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணமாம். இதை எனக்கு இத்தனை வருடம் சொல்லவே இல்லை. "உனக்கும் அப்படித்தான் இருக்கும் எண்டு எனக்குத் தோணவே இல்லை, நீ சொந்த ஊருக்குத்தானே வந்தாய் எண்டு நினைச்சன்" என்றார்.

உங்களையும் யாரும் கேட்கவில்லை, அம்மாவையும் யாரும் கேட்கவில்லை. அது ஷெல் விழுந்த நேரம், கேட்க நேரம் இருந்திருக்காது. எங்களுக்கு மனு எழுதிக் கொடுத்ததிலிருந்து டிக்கெட் வரும் வரை மாதக்கணக்கில் நேரம் இருந்தது.

விஞ்ஞான ரீச்சர்
10.02.2025, இரவு 8.30

நான் வன்னியில் 16 வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்த இழையை வாசித்ததும் எனக்கு ஒரு விடைத்தாள்தான் ஞாபகம் வந்தது. ஒரு பெடியன் 'திசு' என்று எழுதியிருந்தான், நான் அதை வெட்டிவிட்டு 'இழையம்' என்று சிவப்பில் எழுதினேன், மார்க் போடவில்லை. அவன் இந்தியாவிலிருந்து வந்தவன் என்று எனக்குத் தெரியும். பாடநூலில் இருக்கும் சொல்தானே பரீட்சையில் வரும், இப்போதே பழகட்டும் என்று நினைத்தேன். அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது, சொல்தான் வேறு. அன்றைக்கு அரை மார்க்காவது போட்டு, கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

மூதூரான் அண்ணை, உங்கள் மகனின் வயதுக்கு இங்கே தரம் 10 வரும். அதாவது வந்து இரண்டு வருடத்துக்குள் சாதாரண தரம், ஒன்பது பாடம். தாய்மொழி, சமயம், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வரலாறு ஆறும் கட்டாயம், மிச்சம் மூன்றும் தொகுதிப் பாடங்களிலிருந்து. அந்தத் தெரிவு தரம் 10லேயே நடந்துவிடும். தங்கச்சிக்கு நான்கு வருடம் கிடைத்தது, உங்கள் மகனுக்கு அது கிடைக்காது. எனக்குச் சரியென்று படுவது, ஒன்று இந்த வருடமே வந்து உடனே சேர்ப்பது, அப்படியானால் இன்றைக்கே தயார்படுத்தத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் அங்கே பன்னிரண்டு முடித்துவிட்டு வருவது. பத்தாவதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் பிடுங்கிக்கொண்டு வந்து இரண்டு பக்கப் பரீட்சையும் இல்லாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

தயார்படுத்துவது என்றால் இதுதான். எங்கள் பாடநூல்கள் எல்லாம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன, தமிழ் மூலத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். விஞ்ஞானமும் வரலாறும் முதலில். ஒரு கொப்பியில் இரண்டு பக்கமும் கோடு போட்டு அவனையே எழுதச் சொல்லுங்கள்: இயற்பியல் என்றால் பௌதிகவியல், வேதியியல் என்றால் இரசாயனவியல், அழுத்தம் என்றால் அமுக்கம், முடுக்கம் என்றால் ஆர்முடுகல், இயற்கணிதம் என்றால் அட்சரகணிதம், முக்கோணம் என்றால் முக்கோணி. ஹைட்ரஜனை ஐதரசன் என்போம். இருநூறு சொல் எழுதினால் பாதிப் பயம் போய்விடும், ஏனென்றால் கணக்கும் விஞ்ஞானமும் அவனுக்குத் தெரிந்ததுதான். உங்கள் பக்கப் பிள்ளைகள் கணக்கில் சோடை போனதை நான் பார்த்ததில்லை.

பேப்பர் பக்கம், அவனுடைய இந்தியப் பிறப்புச் சான்றிதழைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமைச் சான்றிதழ் எடுத்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும். அதை இங்கே வந்து பார்ப்போம் என்று வந்தவர்கள் அடையாள அட்டைக்கு அலைந்த அலைச்சல் பெரிது. பரீட்சை மண்டபத்தில் அடையாள அட்டை கேட்பார்கள். முகாம்களில் இந்தப் பதிவுக்கு ஒஃபர் (ஈழ அகதிகள் மறுவாழ்வு அமைப்பு) ஆட்கள் உதவுவார்கள், கேளுங்கள். பள்ளியில் கொடுக்கும் மாற்றுச் சான்றிதழுக்கு இங்கே விடுகைப் பத்திரம் என்று பெயர், அந்தப் பெயரில் கேட்டால் திகைக்காதீர்கள்.

வேப்பமரத்தடி
10.02.2025, இரவு 9.10

ரீச்சர், அந்தச் சொல் பட்டியலைத் தனி இழையாகப் போடுங்கள், என் தங்கை மகளுக்கு உடனே வேண்டும். வரலாற்றுப் பாடத்துக்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

கடலோரம்_98
11.02.2025, அதிகாலை 12.50

எல்லோரும் போன கதையைச் சொல்கிறீர்கள், போகாமல் இருந்தவன் கதையையும் கேட்டுவிடுங்கள். நான் முகாமில் 1998ல் பிறந்தவன். பி.இ மெக்கானிக்கல், 7.9. கல்லூரிக்கு வந்த ஒரு கம்பெனியில் எடுத்துவிட்டார்கள், வீட்டில் கேசரி எல்லாம் செய்தார்கள். சேரும் நாளுக்கு முன் பாஸ்போர்ட் கேட்டார்கள், முகாம் அட்டையைக் காட்டினேன், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை. இப்போது அப்பாவோடு பெயிண்ட் வேலைக்குப் போகிறேன், நல்லாவே அடிப்பேன்.

சட்டம் எப்படி என்றால், இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு அக்கா கோர்ட்டுக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டார், பேப்பரில் எல்லாம் வந்தது. அன்றைக்கு முகாமே கொண்டாடியது. அதற்குப் பின் பிறந்த நாங்கள் அப்பாவோ அம்மாவோ இந்தியராக இருந்தால்தான். 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாட்டுக்குத்தான், அதிலும் நாங்கள் இல்லை.

தமிழ்நாடு அரசு 2021ல் முகாமின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, 317 கோடியில் திட்டம், 7,469 வீடு என்று அறிவித்து எங்களுக்கும் புது வீடு வந்தது. காங்கிரீட் வீடு, உள்ளேயே கக்கூஸ். பத்துக்குப் பத்தில் வளர்ந்தவனுக்கு அது எவ்வளவு பெரிது என்று சொல்லத் தெரியவில்லை. மனசார நன்றி. ஆனால் தங்கச்சி, நீ விசா எடுத்துப் பிறந்த ஊருக்கு வந்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். விசா ஒட்ட உன்னிடம் ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. 31 மார்க் வாங்கி அழுதது எல்லாம் சேர்த்துத்தான் அந்த பாஸ்போர்ட். மூதூரான் அண்ணா, 14 வயதில் கஷ்டம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 26 வயதில் ஏணிமேல் நின்றுகொண்டு நாம் எந்த நாடு என்று யோசிப்பதும் கஷ்டம்தான்.

அணைக்கரை_05
11.02.2025, காலை 7.30

அண்ணா, நீங்கள் சொல்வது உண்மை. சென்னை ஏர்போர்ட்டில் அந்த கவுண்டரில் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்த ஆபீசர் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இங்கதான் பொறந்தியாம்மா?" என்றார். "ஆமாங்க" என்றேன், ஏழு வருடமாகச் சொல்லாத 'ங்க' அதுவாகவே வந்தது. முத்திரை குத்திக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை நேற்று எழுதும்போது நான் யோசிக்கவில்லை.

ரீச்சர், அந்தப் பெடியன் இடத்தில் நான் இருந்து சொல்கிறேன், நீங்கள் இப்படி எழுதியதே எனக்குப் போதும்.

கட்டுக்கரை
12.02.2025, மாலை 6.45

முந்தநாள் எழுதியதில் ஒரு திருத்தம். என் பிள்ளைகள் ஒரு வருடம் திண்டாடி பிறகு சரி என்று எழுதியிருந்தேன். தங்கச்சியின் பதிலைப் பார்த்துவிட்டு மூத்த மகளிடம் போனில் கேட்டேன். அவள் வந்தபோது 15. "ஏன் அப்பா இப்ப கேக்கிறியள்" என்றாள் முதலில். பிறகு, அங்கே படித்த பள்ளிக்கூடத்தின் அடையாள அட்டையை இன்னும் அலுமாரியில் துணிக்குக் கீழே வைத்திருப்பதாகச் சொன்னாள். கல்யாணமாகிப் போனபோதும் கொண்டுபோயிருக்கிறாள். 14 வருடம். மருமகனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

வந்தது பிழை என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் நான் 'சரி' என்று எழுதிய சொல்லை அழித்துவிடுங்கள்.

மூதூரான்
13.02.2025, இரவு 10.05

நேற்று மகனிடம் இந்த இழையை முழுக்க வாசிக்கக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்தால் சங்கடப்படுவான் என்று தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் ஒளித்தொகுப்பு, ஆர்முடுகல் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருந்தான். எனக்குச் சந்தோஷம், போகச் சம்மதம் போல என்று நினைத்தேன். கேட்டால், "இன்னும் சொல்லலப்பா, ஒரு கேள்வி இருக்கு, அந்த அக்காகிட்ட கேளுங்க" என்றான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்:

"அக்கா, நான் அங்க போயிட்டா இங்க இருக்கற என் பிரண்ட்ஸ் என்னைப் பார்க்க வர முடியுமா? நான் வந்தா முகாம்ல அவங்க வீட்டுல தங்க விடுவாங்களா?"

மனைவி இங்கேயே இருக்கலாம் என்கிறாள், அது வேறு பேச்சு, அதையும் பேசிக்கொண்டிருக்கிறோம். மேயில் போவது என்று நான் குறித்த தேதியை இப்போதைக்கு எடுத்துவிட்டேன். அவனுக்கு மட்டும் பதில் எழுதுங்கள் பிள்ளை.

அணைக்கரை_05
14.02.2025, காலை 6.10

தம்பி, உன்னிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை, நானும் இதையேதான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டவள்.

அவர்கள் உன்னைப் பார்க்க வர முடியாது. அவர்களிடம் பாஸ்போர்ட் இல்லை. அவர்கள் ஒரு தடவை அங்கிருந்து வெளியேறினால் முகாம் பதிவு போய்விடும், சும்மா பார்த்துவிட்டு வர வழி கிடையாது. நீதான் போக வேண்டும். விசா எடுக்க வேண்டும், அதற்குக் காசு சேர்க்க வேண்டும், நான் உயர்தரம் முடிக்கும் வரை பொறுத்திருந்தேன். முகாமுக்குள் தங்குவதற்கு அனுமதி வேண்டும், எனக்குப் பகலில் உள்ளே போய்ப் பார்க்க மட்டும் கிடைத்தது. எங்கள் பழைய லைன் வீட்டில் இப்போது வேறு குடும்பம். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள்.

என் சிநேகிதியோடு அணைப் பூங்காவுக்குப் போனேன். முதல் அரைமணிநேரம் இருவருக்கும் பேச்சு வரவில்லை, ஏழு வருடமாக வாட்சப்பில் தினமும் பேசியவர்கள்தான். அவள் கல்லூரி இரண்டாம் வருடம், நான் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. வாசலில் ஒரு அக்காவிடம் இரண்டு தட்டு வறுத்த மீன் வாங்கினோம். "காரம் போதுமா?" என்று சிநேகிதி கேட்டாள், நான் "ஓம்" என்றேன். அவள் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பயந்தே போனேன். "எங்கம்மா சொல்ற மாதிரியே சொல்ற" என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்து ஒரு மீனை எடுத்துக்கொண்டாள், சின்ன வயதில் செய்வது போலவே. அப்புறம் ஆறு மணி வரைக்கும் பேசினோம்.

தரம் 10 விஞ்ஞானப் புத்தகத்தை இறக்கி உன் அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன். நீ போகாவிட்டாலும் வைத்துக்கொள். உன் பிரண்ட்ஸ் எத்தனை பேர்? பெயரைச் சொல்லு.